கிறிஸ்தவ ஜாஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாஸ் பற்றிப் பேச்செடுத்தாலே இரண்டு பக்கத்திலிருந்தும் சந்தேகம் வருகிறது. சபைப் பாடகர் குழு நண்பர்கள் "அது கிளப்பில் வாசிக்கிற இசை அல்லவா?" என்கிறார்கள். ஜாஸ் கேட்கும் நண்பர்கள் "அதில் கடவுள் எங்கே வந்தார்?" என்கிறார்கள். பல வருடமாகத் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். பெரும்பாலும் அமெரிக்காவின் கதை இது. இந்த இசை பிறந்து வளர்ந்த இடம் அதுதான்.

கிறிஸ்தவ ஜாஸ் என்று தனியாக ஒன்று இருக்கிறதா என்ன?

இசைத்தட்டுக் கடையில் அப்படி ஒரு தனிப் பிரிவைப் பார்ப்பது அரிது. ஆனால் இசை இருக்கிறது. ஆராதனையிலேயே வாசிப்பதற்காக எழுதப்பட்ட ஜாஸ் திருப்பலிகளும் மாலை ஜெபங்களும் உண்டு. மேடையில் வாசித்தாலும் விசுவாசத்தையே பொருளாகக் கொண்ட பெரிய படைப்புகள் உண்டு. பழைய பாமாலைப் பாட்டை எடுத்துத் தன் போக்கில் விரித்து வாசிப்பதும் உண்டு. அமெரிக்க ஜாஸ் கலைஞர்களில் முக்கால்வாசிப் பேர் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர்கள்தான் என்று வைத்துக்கொண்டாலும், அதனால் மட்டும் அவர்கள் வாசிப்பதெல்லாம் கிறிஸ்தவ ஜாஸ் ஆகிவிடாது. ஜெபமாக நினைத்து வாசித்ததை மட்டும்தான் இங்கே கணக்கில் எடுத்துக்கொள்கிறேன்.

சாராயக் கடையிலும் விபசார விடுதியிலும் பிறந்த இசைதானே? சபைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

பாதிதான் உண்மை. நியூ ஆர்லியன்ஸில் 1917 வரை இருந்த ஸ்டோரிவில் என்ற சிவப்பு விளக்குப் பகுதியில் பியானோ கலைஞர்களுக்கு வேலை கிடைத்தது நிஜம். அதே ஊரில் அதே ஆட்கள் சாவு ஊர்வலத்திலும் வாசித்தார்கள். கல்லறைக்குப் போகும்போது பாமாலைப் பாட்டை மெதுவாக, இழுத்து வாசிப்பார்கள். அடக்கம் முடிந்து திரும்பும்போது தாளம் துள்ளும், பின்னால் வருகிற கூட்டம் ஆடும். ஜாஸின் ஆரம்பப் பாடங்களில் ஒன்று அந்தத் தெருவில் படித்ததுதான்.

இன்னொரு பாடம் கறுப்பின மக்களின் பரிசுத்த இயக்கச் சபைகளில் கிடைத்தது. மெம்ஃபிஸைத் தலைமையிடமாகக் கொண்ட 'சர்ச் ஆஃப் காட் இன் கிறைஸ்ட்' போன்ற சபைகளில் டிரம்ஸும் தம்புரும் கைதட்டலும் ஆராதனையின் பகுதி. 150-ஆம் சங்கீதம் தம்புரையும் நடனத்தையும் கைத்தாளத்தையும் சொல்கிறதே என்பது அவர்கள் நியாயம். போதகர் ஒரு வரி சொல்வார், சபை பதில் சொல்லும். அவர் குரல் ஏற ஏற, சபையின் பதிலும் ஏறும். பாஸ் வாசித்த சார்லஸ் மிங்கஸ் சிறுவயதில் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் அப்படிப்பட்ட சபைக்குத் தன் மாற்றாந்தாயோடு போனவர். 1959-இல் அவர் பதிவு செய்த 'வெட்னஸ்டே நைட் பிரேயர் மீட்டிங்' என்ற உருப்படியைக் கேளுங்கள். ஒரு கட்டத்தில் எல்லா வாத்தியமும் நின்றுபோய், கைதட்டல் மட்டும் தாளம் பிடிக்க, அதன்மேல் ஒரு சாக்ஸபோன் தனியாகக் கதறும். ஜெபக் கூட்டத்தில் இருந்திருப்பவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் சபைகள் ஏன் எதிர்த்தன?

கத்தோலிக்கத் திருச்சபையில் சட்டமே இருந்தது. 1903-இல் பத்தாம் பயஸ் திருத்தந்தை வெளியிட்ட ஆணை, ஆலயத்தில் பியானோவையும் டிரம் போன்ற இரைச்சலான வாத்தியங்களையும் தடை செய்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்ட பிறகுதான் கதவு கொஞ்சம் திறந்தது.

கறுப்பினச் சபைகளிலும் எதிர்ப்பு குறைவில்லை. அதை நான் எளிதில் குறை சொல்ல மாட்டேன். அடிமைத்தனத்திலிருந்து வந்த சமூகம் அது. கண்ணியமாகத் தெரிய வேண்டும் என்ற தவிப்பு அவர்களுக்கு இருந்தது. சனிக்கிழமை ராத்திரி நடன விடுதியில் நடப்பதை எல்லாம் பார்த்தவர்கள், அந்தச் சத்தம் ஞாயிறு காலையில் உள்ளே வரக்கூடாது என்று நினைத்தார்கள். ஜாஸ் குழுத் தலைவரும் இசையமைப்பாளருமான டியூக் எலிங்டன் 1966-இல் வாஷிங்டனில் தன் புனித இசை நிகழ்ச்சியை நடத்தியபோது, அந்த ஊர் பாப்டிஸ்ட் போதகர்கள் மாநாடு அதை ஆதரிக்க மறுத்தது. நற்செய்தி இசை (காஸ்பெல்) பாடகி மஹாலியா ஜாக்சன் நைட் கிளப்பில் பாடுவதில்லை என்று கடைசி வரை பிடிவாதமாக இருந்தார். அவரே 1958-இல் எலிங்டன் குழுவோடு 'கம் சண்டே' பாடினார். எதிர்ப்பு இசையின் மேல் அல்ல, இடத்தின் மேல் என்பது இதிலிருந்தே தெரிகிறது.

மேரி லூ வில்லியம்ஸ் என்று அடிக்கடி சொல்கிறீர்களே, யார் அவர்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒருவரைப் பற்றி மட்டும் எழுத இடம் இருந்தால் நான் இவரைத்தான் எழுதுவேன். 1910-இல் அட்லாண்டாவில் பிறந்து பிட்ஸ்பர்க்கில் வளர்ந்தவர். ஆண்டி கர்க் குழுவின் பியானோ கலைஞராகவும் இசை ஒழுங்கமைப்பாளராகவும் கான்சாஸ் சிட்டியில் பெயர் வாங்கினார். 1940-களில் ஹார்லெமில் இருந்த அவர் வீடு தெலோனியஸ் மங்க், பட் பவல், டிஸ்ஸி கில்லஸ்பி போன்ற ஜாஸ் கலைஞர்கள் எல்லோரும் கூடுகிற இடம். வேலை முடிந்து விடிகாலையில் வருவார்கள், புதிதாக எழுதியதை அவரிடம் வாசித்துக் காட்டுவார்கள்.

1954-இல் பாரிஸில் நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோதே பியானோவை விட்டு எழுந்து போய்விட்டார். நியூயார்க்குக்குத் திரும்பியபின் ஜெபமும் தர்ம காரியமும்தான் வாழ்க்கை. போதைக்கு அடிமையான இசைக்கலைஞர்களைத் தன் வீட்டிலேயே தங்க வைத்துப் பார்த்துக்கொண்டார். அவர்களுக்காகப் பழைய பொருள் விற்கும் கடையும் நடத்தினார். 1957-இல் கில்லஸ்பியின் மனைவி லொரெய்னோடு சேர்ந்து கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றார். வாசிப்பதே உன் ஜெபமாக இருக்கட்டும் என்று குருக்களும் நண்பர்களும் வற்புறுத்த, அதே ஆண்டு நியூபோர்ட் ஜாஸ் விழாவில் மேடைக்குத் திரும்பினார்.

அப்புறம்தான் அவருடைய பெரிய படைப்புகள் வந்தன. பெரு நாட்டில் வாழ்ந்த கலப்பினத் துறவி மார்ட்டின் தெ போரஸ் 1962-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவரைப் பற்றி மேரி லூ எழுதிய பாட்டில் பெரும்பகுதிக்கு வாத்தியமே இல்லை, பாடகர் குழு மட்டும்தான். அந்தக் குரல்களின் அடுக்கு, வழக்கமான கோவில் பாடகர் குழுவில் கேட்க முடியாத அளவுக்கு நெருக்கமாக உரசிக்கொண்டு நிற்கும். நடுவில் பியானோ நுழைந்ததும் தென் அமெரிக்கத் தாளம் ஒன்று எழும். 1975-இல் நியூயார்க் புனித பேட்ரிக் பேராலயத்தில் அவருடைய திருப்பலி இசை நடந்தது. 1977 முதல் 1981-இல் இறக்கும் வரை டியூக் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். எலிங்டனுக்குக் கிடைத்த கவனத்தில் பாதிகூட இவருக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

எலிங்டனின் புனித இசை நிகழ்ச்சிகள் நிஜமான பக்தியா, வயதான காலத்தில் மரியாதை தேடியதா?

பக்திதான் என்பது என் முடிவு. சான் ஃபிரான்சிஸ்கோவின் கிரேஸ் பேராலயத்தில் 1965-இல் முதல் நிகழ்ச்சி. 1968-இல் நியூயார்க்கின் புனித ஜான் பேராலயம். 1973 அக்டோபரில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயம். மூன்றாவது நடந்தபோது அவருக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது. அடுத்த மே மாதம் இறந்துவிட்டார். மரியாதை மட்டும் வேண்டியிருந்தால் அந்த உடம்போடு கடல் தாண்டிப் போயிருக்க வேண்டாம். மேலே சொன்ன 'கம் சண்டே' அவர் 1943-இலேயே எழுதியது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நிகழ்ச்சியில் இரண்டு இடங்களைக் கவனித்துக் கேட்கலாம். ஆதியாகமத்தின் முதல் சொற்கள் ஆங்கிலத்தில் ஆறு அசை. அதற்கு ஆறே சுரம் வைத்து, அதையே அஸ்திவாரமாக்கி நீண்ட உருப்படி ஒன்றைக் கட்டுகிறார். கடைசியில் 'கம் சண்டே' மெட்டையே வேகப்படுத்தி, தாவீது கர்த்தருக்கு முன்பாக நடனமாடின காட்சியாக மாற்றுகிறார். பன்னி பிரிக்ஸ் என்ற கலைஞர் பேராலயத்துக்குள் டாப் நடனம் ஆடுகிறார். அவர் செருப்பு தரையைத் தட்டும் ஓசை ஒலிப்பதிவிலேயே கேட்கும். இரண்டாவது நிகழ்ச்சியின் சில பாடல் வரிகள் நீளம், கொஞ்சம் பிரசங்க வாடை. ஸ்வீடன் பாடகி ஆலிஸ் பாப்ஸ் பாடுகிற இடங்கள் அந்தக் குறையை மறக்கடித்துவிடும்.

கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' கிறிஸ்தவ இசையா இல்லையா? நேராகச் சொல்லுங்கள்.

நேராகச் சொன்னால், கிறிஸ்தவச் சபையில் உருவான இசை, ஆனால் கிறிஸ்தவ அறிக்கை அல்ல. சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் இரண்டு தாத்தாக்களும் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் சீயோன் சபையின் போதகர்கள். வட கரோலினாவில் அந்தச் சூழலில் வளர்ந்தார். 1957-இல் ஹெராயினையும் குடியையும் விட்டதைக் கடவுள் தந்த விழிப்பாகவே எழுதினார். 1964 டிசம்பர் 9-ஆம் தேதி, ஒரே அமர்வில், நியூ ஜெர்சியில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் இந்த இசைத்தட்டைப் பதிவு செய்தார்.

நாலாவது பகுதியின் பெயரே 'சங்கீதம்'. தட்டின் உறையில் அவர் எழுதிய ஜெபக் கவிதை ஒன்று அச்சாகியிருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். சாக்ஸபோன் அந்தக் கவிதையை அசை அசையாக வாசித்துக்கொண்டு போவது தெரியும். கடவுளுக்கு நன்றி சொல்லும் வரி வரும்போதெல்லாம் சுரம் ஒரே மாதிரி இறங்கி அமரும். கறுப்பினப் போதகர் பிரசங்கத்தின் உச்சத்தில் பேச்சை விட்டுப் பாட்டாகவே சொல்ல ஆரம்பிப்பாரே, அதே நடை.

ஆனால் அவர் எல்லா மதங்களையும் ஏற்பதாகச் சொன்னவர். இந்தியத் தத்துவம் படித்தவர். முதல் மனைவி நயீமா இஸ்லாத்தைத் தழுவியவர். சான் ஃபிரான்சிஸ்கோவில் அவர் பெயரிலேயே ஒரு சபை இருக்கிறது, 1982-இல் ஆப்பிரிக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையோடு இணைந்தது. அவரைப் புனிதராகவே வைத்து, அவர் இசையோடு வழிபடுகிறார்கள். அவர்கள் அன்பை மதிக்கிறேன். ஆனாலும் அவர் தனக்கு வைத்துக்கொள்ளாத பெயரை அவருக்கு நாம் சூட்ட வேண்டாம்.

வெள்ளையர்கள் யாரும் இதைச் செய்யவில்லையா?

செய்தார்கள். டெக்சாஸில் இருந்த சாக்ஸபோன் கலைஞர் எட் சம்மர்லின் தன் கைக்குழந்தையை இழந்த துக்கத்தில், 1959-இல் மெதடிஸ்ட் ஆராதனை ஒன்றுக்கு ஜாஸ் எழுதினார். பியானோ கலைஞர் வின்ஸ் குரால்டி கிரேஸ் பேராலயத்தில் 1965 மே மாதம், எலிங்டனுக்குச் சில மாதம் முன்பே, ஜாஸ் திருப்பலி வாசித்தார்.

பியானோ கலைஞர் டேவ் புருபெக் கதை எனக்குப் பிடித்தது. எந்தச் சபையிலும் சேராமலே ஒரு திருப்பலி இசை எழுதி முடித்தார். பரமண்டல ஜெபத்தை விட்டுவிட்டீர்களே என்று ஒரு குரு கேட்க, அதை எழுதும்படி யாரும் சொல்லவில்லை, வேலை முடிந்தது என்று குடும்பத்தோடு விடுமுறைக்குப் போய்விட்டார். அங்கே கனவில் அந்த ஜெபம் இசையோடு முழுசாக வந்தது. எழுந்து எழுதி வைத்தார். 1980-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார்.

சரி, இவ்வளவு இருந்தும் ஜாஸுக்கே மவுசு போனது ஏன்?

1935 முதல் பத்து வருடம் ஜாஸ்தான் அமெரிக்காவின் சினிமாப் பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனங்கள் அதற்கு ஆடினார்கள். 1942-இல் இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவு வேலைநிறுத்தம் அறிவித்தது. இரண்டு வருடத்துக்கு மேல் நீடித்தது. பாடகர்கள் சங்கத்தில் இல்லாததால் அவர்கள் முன்னால் வந்துவிட்டார்கள். 1944-இல் நடனமும் பாட்டும் உள்ள விடுதிகளுக்கு 30 சதவீத வரி வந்தது. நடனத் தளத்தை மூடிவிட்டு நாற்காலி போட்டார்கள். பதினைந்து பேர் குழுவைக் கட்டி மேய்ப்பது கட்டுப்படியாகவில்லை. அதே நேரத்தில் பிறந்த பீபாப் என்ற புது ஜாஸ் பாணி உட்கார்ந்து கேட்க வேண்டிய இசை. ஆட வந்த இளைஞர்கள் ரிதம் அண்டு புளூஸுக்கும், பிறகு ராக் அண்டு ரோலுக்கும் போய்விட்டார்கள்.

விளைவு எண்ணில் தெரிகிறது. அமெரிக்க அரசின் தேசியக் கலை நிதியம் எடுத்த கணக்கெடுப்பில், ஜாஸ் நிகழ்ச்சிக்குப் போகிறவர்களின் இடைநிலை வயது 1982-இல் 29. 2008-இல் 46. வருடத்துக்கு ஒரு ஜாஸ் நிகழ்ச்சியாவது பார்த்தவர்கள் 2002-இல் 10.8 சதவீதம், 2008-இல் 7.8 சதவீதம்.

அது ஜாஸின் பொதுக்கதை. கிறிஸ்தவ ஜாஸ் இன்னும் சீக்கிரம் மறைந்தது ஏன்?

எனக்குத் தோன்றுகிற முதல் காரணம், சபையால் அதைப் பாட முடியவில்லை. ஆராதனைப் பாட்டு என்றால் பயிற்சி இல்லாத நூறு பேர் சேர்ந்து பாட வேண்டும். வத்திக்கான் சங்கம் திறந்த கதவு வழியாக ஜாஸ் நுழைவதற்குள் கிடார் நுழைந்துவிட்டது. மூன்று கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) தெரிந்த ஒரு பையன் போதும், பங்கு முழுவதும் பாடும். சீர்திருத்தச் சபைகளில் 1970-களுக்குப் பிறகு வந்த புதிய ஆராதனைப் பாடல்களும் அந்த வழிதான். கறுப்பினச் சபைகளில் நற்செய்தி இசையே ஜாஸின் இடத்தை நிரப்பிவிட்டது. எட்வின் ஹாக்கின்ஸ் பாடகர் குழுவின் 'ஓ ஹாப்பி டே' 1969-இல் வானொலியில் பெரிய வெற்றி பெற்றதும், இளைஞர்களுக்கு வேறு வாசல் தேவைப்படவில்லை.

இரண்டாவது, விற்கிற இடம் இல்லை. கிறிஸ்தவ வானொலிக்கு வார்த்தை வேண்டும். இயேசுவின் பெயர் காதில் விழ வேண்டும். ஜாஸில் பெரும்பகுதி வார்த்தையே இல்லாத இசை. ஜாஸ் விமர்சகர்களுக்கோ பக்தி என்றாலே கொஞ்சம் சங்கடம், நல்ல கலைஞர் ஏன் இப்படிப் போய்விட்டார் என்று எழுதுவார்கள். இரண்டு பேருமே தங்களுடையது இல்லை என்று ஒதுக்கிய பிள்ளை இது.

மூன்றாவது செலவு. எலிங்டனின் நிகழ்ச்சியையோ மேரி லூவின் திருப்பலியையோ வாசிக்க நல்ல கலைஞர்கள் வேண்டும், ஒத்திகை வேண்டும். ஒரு சபை வருடத்துக்கு ஒருமுறை செய்யலாம். வாரம் தவறாமல் செய்ய முடியாது. வாரம் தவறாமல் ஒலிக்காத எதுவும் ஆராதனையில் ஒட்டாது.

அப்படியென்றால் முடிந்துபோன விஷயமா?

இல்லை. நியூயார்க்கின் புனித பேதுரு லுத்தரன் ஆலயத்தில் ஜான் கென்சல் என்ற போதகர் 1965-இல் தொடங்கிய ஜாஸ் மாலை ஆராதனை அவர் காலத்துக்குப் பிறகும் தொடர்கிறது. ராத்திரி முழுக்க வேலை செய்யும் கலைஞர்கள் காலையில் எழுந்து வர முடியாது என்பதால்தான் மாலையில் வைத்தார். கிளப் கிளப்பாகப் போய் அவர்களைப் பார்த்தவர், அவர்களுக்குக் கல்யாணமும் அடக்கமும் நடத்தியவர். எலிங்டன் அவருக்காகவே ஓர் உருப்படி எழுதினார். எக்காளக் கலைஞர் வின்டன் மார்சாலிஸ் 2008-இல், ஹார்லெமின் அபிசீனியன் பாப்டிஸ்ட் சபையின் 200-ஆவது ஆண்டுக்குப் பெரிய திருப்பலி இசை எழுதினார். இளையவர்களில் ஆல்டோ சாக்ஸபோன் வாசிக்கும் இமானுவேல் வில்கின்ஸ் சபையில் வளர்ந்தவர். அது அவர் இசையில் வெளிப்படையாகத் தெரியும்.

இன்னொன்றையும் பாருங்கள். இன்று முன்னணியில் இருக்கும் பியானோ கலைஞர் ராபர்ட் கிளாஸ்பர், ஹேமண்ட் ஆர்கன் வாசிக்கும் கோரி ஹென்றி எல்லோரும் சபையில்தான் கை பழகினார்கள். பாடுகிறவர் திடீரென்று சுருதி மாற்றுவார், போதகர் ஜெபத்தை நீட்டுவார், நோட்டு ஏதும் இல்லாமல் கூடவே போக வேண்டும். கல்லூரியில் பணம் கட்டிக் கற்கிற காது, அங்கே பத்து வயதுப் பிள்ளைக்கு வந்துவிடுகிறது. சந்தையில் பெயர் மங்கியிருக்கிறது. பள்ளிக்கூடம் மூடவில்லை.

மென்மையாக சாக்ஸபோனில் பாமாலைப் பாட்டு வாசிக்கிறார்களே, அதுவும் இதில் சேர்த்தியா?

வாசிக்கிறவரைப் பொறுத்தது. பல தட்டுகள் ஹோட்டல் வரவேற்பறைக்காகச் செய்த மாதிரி இருக்கும், பாட்டின் வலி காணாமல் போயிருக்கும். மெம்ஃபிஸைச் சேர்ந்த கர்க் வேலம் அப்படியல்ல. போதகரின் மகன். விட்னி ஹூஸ்டனின் புகழ்பெற்ற காதல் பாட்டில் நடுவே வரும் சாக்ஸபோன் இவருடையதுதான். 1998 முதல் ஜாஸ் வழியாக நற்செய்தி என்ற பொருளில் தொடர்ந்து இசைத்தட்டுகள் வெளியிட்டிருக்கிறார்.

இந்தியாவில் இப்படி ஏதாவது நடந்ததா?

கலைஞர்கள் இருந்தார்கள், ஆராதனை ஜாஸ் அல்ல. கோவாவின் கத்தோலிக்கப் பிள்ளைகள் பங்குப் பள்ளிகளில் வயலினும் நோட்டு வாசிக்கவும் கற்று, பம்பாய் ஹோட்டல்களில் ஜாஸ் வாசித்தார்கள். எக்காளக் கலைஞர் சிக் சாக்லேட் அவர்களில் பெரிய பெயர். ஹோட்டல் வேலை குறைந்தபோது பலரும் இந்திப் பட வாத்தியக் குழுக்களில் நிலைத்தார்கள். கோவிலில் கற்றதை வெளியே கொண்டுபோனார்கள். வெளியே வாசித்தது கோவிலுக்குள் வரவில்லை.

எதிலிருந்து கேட்க ஆரம்பிப்பது?

மஹாலியா பாடிய 'கம் சண்டே'. அப்புறம் எலிங்டனின் முதல் நிகழ்ச்சி. மேரி லூவை அதற்குப் பிறகு வையுங்கள், காது பழகியிருக்கும். கோல்ட்ரேனை, மேலே சொன்ன மாதிரி கவிதையோடு கேளுங்கள்.

நான் சபையில் கீபோர்டு வாசிக்கிறேன். ஜாஸ் கார்டு சேர்த்தால் "பாட முடியவில்லை தம்பி" என்கிறார்கள். யார் பக்கம் நியாயம்?

அவர்கள் பக்கம்தான். பாமாலையோ கீர்த்தனையோ, சபை வாய் திறந்து பாடும் நேரத்தில் அவர்கள் மெட்டைத் தேடிப் பிடிக்க வைக்காதீர்கள். ஏன் என்பதை, கிறிஸ்தவ ஜாஸ் சீக்கிரம் மறைந்ததற்கு மேலே சொன்ன முதல் காரணமே விளக்கும், கென்சலும் மாலையில் தனியாகத்தான் நடத்தினார்.

ஆனால் உங்களுக்கு இடம் நிறைய இருக்கிறது. ஆராதனை தொடங்குமுன் ஜனங்கள் வந்து உட்காரும் நேரம், காணிக்கை எடுக்கும் நேரம், திருவிருந்துக்கு வரிசை நகரும் நேரம். அப்போது எல்லோருக்கும் தெரிந்த பாட்டை எடுத்து, முதல் முறை மெட்டை மாற்றாமல் வாசியுங்கள். இரண்டாவது முறை இடது கையில் மட்டும் கார்டை மாற்றுங்கள், வலது கை மெட்டிலேயே இருக்கட்டும். மூன்றாவது முறை வலது கையையும் விடலாம். முன்கூட்டியே ஆயரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், வரிசை முடிந்ததும் நிறுத்த அவர் தலையசைப்பைப் பார்க்க வேண்டியிருக்கும்.